ஓடத் தெரிந்த காருக்கு முதலில் நிற்கத் தெரிய வேண்டும்!

வேகமாக ஓடும் காரைக் கண்டால் வாலிபர்களுக்கு ஆசை. வீட்டில் இருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் பயம்.

ஆசையிலும் நியாயம் இருக்கிறது. பயத்திலும் நியாயம் இருக்கிறது.

இந்த ஆசையையும் இந்தப் பயத்தையும் ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துவது எப்படி?

இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வேகமாக ஓட்ட விரும்புகிறவர் தன் காரை எடுத்துக்கொண்டு பந்தயத் தளத்துக்குப் போகிறார். பணம் கட்டுகிறார். அங்கே ஆசை தீர ஓட்டுகிறார். மாலையில் வீட்டுக்குத் திரும்புகிறார்.

இதற்கு "டிராக் டே" என்று பெயர்.

இது நல்ல வழி. ஆனால் ஒரு நிபந்தனை. சாலையில் ஓடுகிற காரை அப்படியே கொண்டுபோய்ப் பந்தயத் தளத்தில் விரட்டக் கூடாது. அதற்கு ஏற்றபடி காரை மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். அதுதான் ஆபத்து.

டிராக் டே என்றால் பந்தயமா?

இல்லை. பலர் அப்படி நினைக்கிறார்கள். அது தவறு.

டிராக் டேயில் முதல் பரிசு கிடையாது. இரண்டாம் பரிசும் கிடையாது. யார் முந்தினார் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதைப் பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள்.

காலையில் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து விதிகளைச் சொல்கிறார்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஏதோ ஆபத்து. முந்தக் கூடாது. சிவப்புக் கொடி அசைந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக உள்ளே திரும்பிவிட வேண்டும். முந்த விரும்புகிறவர், முன்னால் போகிறவர் வழி விட்ட பிறகுதான் முந்தலாம். தலைக்கவசம் கட்டாயம்.

முதல் இரண்டு மூன்று சுற்றுகள் மெதுவாகத்தான் போக வேண்டும். எங்கே வளைவு, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சுற்றுகள். பிறகு 15 நிமிஷம், 20 நிமிஷம் என்று முறை வைத்து ஓட்டுவார்கள். நடுவே காருக்கும் ஓய்வு. மனிதருக்கும் ஓய்வு.

எதிரே வண்டி வராது. சைக்கிள் வராது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை குறுக்கே ஓடாது. தடம் மாறினால் விழுவதற்கு மண்ணும் புல்லும் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் வண்டி தயாராக நிற்கிறது.

சாலையில் இதில் ஒன்றாவது உண்டா?

ரத்தம் சொன்ன பாடம்

வேகத்துக்குத் தனி இடம் வேண்டும் என்பது இன்று நேற்று பிறந்த யோசனை அல்ல. உயிர்களைப் பலி கொடுத்து உலகம் கற்ற பாடம் இது.

1903-ம் ஆண்டு பிரான்சின் பாரிஸ் நகரிலிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் நகர் வரை ஒரு கார்ப் பந்தயம் வைத்தார்கள். சாதாரண சாலையில்தான் பந்தயம். இரண்டு பக்கமும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். கார்கள் தூசியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. வழியெங்கும் விபத்து. ஓட்டியவர்களும் இறந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களும் இறந்தார்கள். புகழ் பெற்ற ரெனோ கார்க் கம்பெனியை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ அந்தப் பந்தயத்தில் உயிர் இழந்தார். பிரெஞ்சு அரசாங்கம் போர்டோ நகரிலேயே பந்தயத்தை நிறுத்தியது. கார்களுக்குக் குதிரைகளைக் கட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள்.

இங்கிலாந்தில் அப்போது சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது சட்டம். ஆகவே 1907-ல் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் கார் ஓட்டவே தனியாக ஒரு தளம் கட்டினார்கள். கார்ப் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் தளம் அதுதான்.

இத்தாலி நாடு சற்றுத் தாமதமாக விழித்துக்கொண்டது. அங்கே 1927 முதல் "மில்லே மில்யா" என்ற ஆயிரம் மைல் பந்தயம் பொதுச் சாலையிலேயே நடந்து வந்தது. 1957 மே மாதம் 12-ந் தேதி, பந்தயம் முடியப் போகிற நேரம். ஒரு காரின் டயர் வெடித்தது. கார் கூட்டத்தில் பாய்ந்தது. காரில் இருந்த இருவரும் மாண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த 9 பேரும் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

அத்தோடு அந்தச் சாலைப் பந்தயம் ஒழிந்தது.

ஒரே ஒரு டயர்! 11 உயிர்! காரை மாற்றி அமைக்கிறவர் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கார்?

டிராக் டேக்குப் போகிறவர்கள் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்ல. பெரிய, விலை உயர்ந்த கார்தான் வேண்டும் என்பதும் இல்லை.

ஜப்பான் நாட்டு மஸ்தா கம்பெனி 1989-ல் ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. பெயர் எம்.எக்ஸ்.-5. அமெரிக்காவில் இதை மியாட்டா என்று அழைக்கிறார்கள். இரண்டே பேர் உட்காரலாம். மேல் கூரையை மடித்துவிடலாம். முதலில் வந்த காரின் எஞ்சின் 1.6 லிட்டர்தான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு.

குதிரையும் அதன் மேல் இருக்கும் வீரனும் ஓர் உடல் போல இயங்க வேண்டும் என்பது ஜப்பானியர்களின் ஒரு பழைய எண்ணம். அதை மனதில் வைத்து இந்தக் காரை அமைத்தார்கள். 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமா தொழிற்சாலையில் தயாராகி வெளியே வந்தது.

டிராக் டே பிரியர்களுக்கு இந்தக் கார் செல்லப்பிள்ளை. காரணம், வேகம் அல்ல. எடை குறைவு. எடை குறைந்தால் எல்லாம் குறையும். டயர் தேய்வது குறையும். பிரேக் சூடாவது குறையும். பெட்ரோல் செலவும் குறையும். இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் தம் வாழ்நாள் முழுவதும் இதைத்தான் வற்புறுத்தினார்.

முதல் தவறு

இப்படி ஒரு காரை வாங்கிய வாலிபர் முதலில் என்ன செய்கிறார்?

எஞ்சினைத் தொடுகிறார்! இன்னும் இருபது குதிரைச் சக்தி வேண்டும் என்கிறார். டர்போ பூட்டலாமா என்கிறார். சத்தம் பலமாக வரவேண்டும் என்று புகைக்குழாயை மாற்றுகிறார். மெக்கானிக் ஷெட்டில் நண்பர்கள் கூடிப் பாராட்டுகிறார்கள்.

இது, அடுப்பில் தீயைக் கூட்டிவிட்டு, பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் போவதற்குச் சமம்.

சரியான வரிசை வேறு. முதலில் கார் நிற்க வேண்டும். இரண்டாவது, உள்ளே இருக்கும் மனிதர் பத்திரமாக இருக்க வேண்டும். மூன்றாவது, எஞ்சின் சூடு தாங்க வேண்டும். நான்காவது, ஓட்டத் தெரிய வேண்டும். சக்தியைக் கூட்டுவது கடைசி. பெரும்பாலும் அது தேவையே இல்லை.

பிரேக்கில் கொதிக்கும் தண்ணீர்

ஓடுகிற காரில் ஒரு சக்தி இருக்கிறது. காரை நிறுத்தும்போது அந்தச் சக்தி எங்கே போகிறது? சூடாக மாறுகிறது. பிரேக் பிடித்த இடத்தில் அந்தச் சூடு இறங்குகிறது.

எவ்வளவு சூடு? வீட்டுச் சமையலறைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. அதை ஒரு தடவை பிரேக் போட்டு நிறுத்துகிற சூட்டைக் கொண்டு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். மணிக்கு 160 கிலோ மீட்டர் வேகம் என்றால் மூன்று லிட்டருக்கு மேல் கொதிக்கும்! வேகம் இரண்டு மடங்கு ஆனால் சூடு நான்கு மடங்கு ஆகும். இது இயற்கையின் சட்டம்.

சாலையில் இப்படி எப்போதாவது ஒரு தடவை பிரேக் போடுகிறோம். பிறகு காற்றுப் பட்டு ஆறிவிடுகிறது. பந்தயத் தளத்திலோ ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு பெரிய வளைவிலும் பிரேக் போட வேண்டும். ஒரு சூடு ஆறுவதற்குள் அடுத்த சூடு வந்துவிடுகிறது.

அப்போது என்ன நடக்கும்? இரண்டு விதமான ஆபத்து உண்டு.

முதலாவது, பிரேக் கட்டை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பெடல் கெட்டியாகவே இருக்கும். ஆனால் கார் நிற்காது. இதற்கு, அதிகச் சூட்டைத் தாங்கும் பிரேக் கட்டைகளைப் போட வேண்டும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் கொடியது. அது பிரேக் ஆயிலில் ஒளிந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

சாதாரண பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது அல்லவா? பிரேக் ஆயிலும் அப்படித்தான். நாளாக ஆகக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

"டாட் 4" என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூடு வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவாக ஈரம் சேர்ந்தால் போதும். 155 டிகிரி சூடு வரை தாங்கினாலே போதும் என்று விதியே இறங்கிவிடுகிறது.

ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழி என்பது ஆவி. ஆயிலை அமுக்க முடியாது. ஆவியை அமுக்கலாம். ஓட்டுகிறவர் பெடலை மிதிப்பார். பெடல் பஞ்சு போல உள்ளே போகும். தரையைத் தொடும். கார் நிற்காது!

இதைத் தடுக்க ஆகும் செலவு என்ன? ஒரு டப்பா நல்ல புது ஆயில். ஒரு மணி நேர வேலை. டர்போ விலையில் இது ஒரு சிறு துளி. ஆனால் இதைச் செய்தவன் வீடு திரும்புகிறான்.

டயர் பேசும்

காருக்கும் தரைக்கும் உள்ள சம்பந்தம் நான்கு டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலம். ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளால்தான்.

டிராக் டேக்கென்று தனி டயர்கள் உண்டு. மெத்தென்ற ரப்பர். சூடானால் தரையைக் கவ்விப் பிடிக்கும். அவற்றில் பள்ளக் கோடுகள் குறைவு. உலர்ந்த தளத்தில் பிரமாதம். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் அதே டயர் காரைப் படகு ஆக்கிவிடும். தண்ணீர் வெளியேற வழி இல்லை அல்லவா?

பழைய டயரைப் போட்டுக்கொண்டு பந்தயத் தளத்துக்குப் போவது தற்கொலைக்குச் சமம். மேலே பார்க்கக் கோடுகள் ஆழமாக இருக்கலாம். உள்ளே ரப்பர் வயதாகி வறண்டிருக்கும். தயாரான வாரமும் ஆண்டும் டயரின் பக்கத்திலேயே நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கிறது. படித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

காற்றின் அளவையும் கவனிக்க வேண்டும். டயர் சூடாக ஆக உள்ளே காற்றழுத்தம் ஏறும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அளந்து பார்த்துச் சரி செய்ய வேண்டும். சக்கரத்து நட்டுகளையும் ஒரு தடவை ஸ்பானர் போட்டுப் பார்க்க வேண்டும்.

மனிதனைக் காப்பது

கூரை இல்லாத கார் தலைகீழாக உருண்டால் எது தாங்கும்? முன்கண்ணாடிச் சட்டம் தாங்காது. ஓட்டுகிறவர் தலைதான் தாங்க வேண்டியிருக்கும்!

ஆகவே இருக்கைக்குப் பின்னால், உறுதியான இரும்புக் குழாயை வில் போல வளைத்து, காரின் அடித்தளத்தோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். இதில் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு துடைப்பக் கம்பை எடுத்து, அந்த வில்லின் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் உச்சி வரை வைத்துப் பார்க்க வேண்டும். தலைக்கவசம் அணிந்து உட்கார்ந்திருப்பவர் தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். கம்பு தலையில் இடித்தால் அந்த வில் இருந்தும் இல்லாததற்குச் சமம். உயரமானவர்கள் இருக்கையைத் தாழ்த்த வேண்டும்.

அடுத்தது பெல்ட். இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனி எஞ்சினியர் நில்ஸ் போலின். ஆண்டு 1959. வால்வோ கம்பெனி அந்தக் கண்டுபிடிப்பை எல்லோரும் உபயோகிக்க அனுமதித்தது. எத்தனையோ லட்சம் பேர் உயிர் பிழைத்தார்கள்.

பந்தயத் தளத்தில் சிலர் இந்தப் பெல்ட்டை எடுத்துவிட்டு, இரண்டு தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டைப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அரைகுறையாகச் செய்தால் அதுவே எமன் ஆகும். தோளை இறுக்கிக் கட்டிவிட்டால் உடம்பு நிமிர்ந்தே நிற்கும். கூரை அமுங்கினால் குனிய முடியாது. ஆகவே இரும்பு வில் இல்லாமல் இந்தப் பெல்ட் கூடாது. அதற்கேற்ற இருக்கை இல்லாமலும் கூடாது.

மோதும்போது உடம்பு நின்றுவிடும். தலை மட்டும் முன்னே பாயும். கழுத்து தாங்காது. இதற்காக அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டு 1980-களில் ஒரு சாதனம் கண்டுபிடித்தார். பெயர் ஹான்ஸ். தோள் மேல் உட்கார்ந்து, தலைக்கவசத்தைப் பிடித்துக்கொள்ளும். 2003 முதல் பார்முலா ஒன் பந்தயத்தில் இது கட்டாயம். தோள் பெல்ட் போடுகிறவர்கள் இதையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, காருக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலை மறந்து விட்டால்? அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கும். ஓடுவதற்கு முன் காரைத் துப்புரவாகக் காலி செய்ய வேண்டும்.

எஞ்சினுக்குத் தாகம்

எஞ்சினுக்குத் தண்ணீரும் வேண்டும். ஆயிலும் வேண்டும்.

பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியில் விரிசல் விடும். தண்ணீர்க் குழாய் தளர்ந்திருக்கும். சாலையில் பத்து வருஷம் ஓடிய குறை பந்தயத் தளத்தில் பத்து நிமிஷத்தில் வெளிப்படும். இவற்றை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும்.

ஆயிலில் வேறொரு சூட்சுமம். ஓடும் பஸ்ஸில் தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தால், பஸ் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும் அல்லவா? எஞ்சினின் அடித்தொட்டியில் உள்ள ஆயிலும் அப்படியே சாயும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால், பம்பு ஆயிலை இழுக்காமல் காற்றை இழுக்கும். ஆயில் இல்லாமல் எஞ்சின் சில விநாடியில் தேய்ந்து கெடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பது இதற்காகத்தான். ஆயில் அளவைக் குறையாமல் வைத்துக்கொள்வது அதைவிடச் சுலபமான காவல்.

ஓட்டம் முடிந்ததும் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். நிறுத்திய பிறகு கை பிரேக்கை இழுக்கக் கூடாது. பழுக்கக் காய்ந்த பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தால் போதும்.

இரண்டும் கெட்டான்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம்.

ஒருவர் இந்த மாற்றங்களை எல்லாம் செய்துவிட்டார். கார் பந்தயத் தளத்தில் சிங்கம் போல ஓடுகிறது. திங்கட்கிழமை காலையில் அதே காரில் ஆபீசுக்குப் புறப்படுகிறார். பக்கத்தில் மனைவியை உட்கார வைத்துக்கொள்கிறார். இது சரியா?

சரியல்ல. பந்தயத் தளத்தில் உயிர் காப்பது சாலையில் உயிர் வாங்கும்.

தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். பந்தயத் தளத்தில் தலைக்கவசம் இருக்கிறது. சாலையில் வெறுந்தலை. சிறிய மோதலிலும் மண்டை குழாயில் இடிக்கும்.

பந்தய பிரேக் கட்டை சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும். காலைக் குளிரில், முதல் நாற்சந்தியில், அது சரியாகப் பிடிக்காது.

ஸ்டீரிங்கை மாற்றினால் அதில் இருந்த காற்றுப்பை போய்விடும். தோளை இறுக்கும் பெல்ட் போட்டால் சந்திப்பில் எட்டிப் பார்க்க முடியாது. கெட்டியான ஸ்பிரிங் போட்டால், மேடு பள்ளச் சாலையில் சக்கரம் தரையில் நிற்காமல் துள்ளும். பள்ளக் கோடு இல்லாத டயர் மழையில் வழுக்கும்.

ஆகவே ஒவ்வொருவரும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சாலைக் காரா? பந்தயத் தளக் காரா?

சாலைக் கார் என்றால் மாற்றம் கொஞ்சமாக இருக்கட்டும். நல்ல பிரேக் ஆயில், நடுத்தரமான பிரேக் கட்டை, புது டயர், புது ரேடியேட்டர். கம்பெனி பெல்ட்டும் இருக்கையும் அப்படியே இருக்கட்டும். வருஷத்தில் இரண்டு மூன்று நாள், நிதானமாக ஓட்டிவிட்டுத் திரும்பலாம்.

பந்தயத் தளக் கார் என்றால் முழுவதும் மாற்றட்டும். ஆனால் அதைச் சாலையில் ஓட்டக் கூடாது. வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகட்டும்.

இரண்டும் கெட்டான் காரைப் போல ஆபத்தானது வேறு இல்லை.

மனைவி கேட்கும் கேள்வி

"கார் உடைந்தால் இன்ஷூரன்ஸ் கொடுப்பார்களா?"

வீட்டில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்பது அபசகுனம் அல்ல. அறிவு.

இங்கிலாந்தில் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை பந்தயத் தளத்தில் நடக்கும் சேதத்துக்குப் பொறுப்பு ஏற்பதில்லை. அந்த ஒரு நாளுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டும். இந்தியாவில் மோட்டார் பாலிசியைப் புரட்டிப் பார்த்தால், பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

ஜெர்மனியில் நியூர்பர்க்ரிங் என்ற புகழ் பெற்ற தளம் இருக்கிறது. 1927-ல் திறந்தது. அதன் வடக்குச் சுற்று மட்டும் 20 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். காடும் மலையுமாக வளைந்து வளைந்து போகும். குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களும் பணம் கட்டி அதில் ஓட்டலாம். அங்கே தடுப்புக் கம்பியில் மோதினால் அந்தக் கம்பியின் விலையையும் மோதியவரே கட்ட வேண்டும்!

"இந்தக் கார் முழுவதும் நாசமானாலும் வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் குறை வராது" என்று சொல்லக்கூடிய காரை மட்டுமே பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடன் வாங்கிய காரைக் கொண்டுபோகக் கூடாது.

மறுப்புச் சொல்கிறவர்கள்

இது வெறும் ஆடம்பரம், பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்று சிலர் சொல்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பொழுதுபோக்கு எதுவும் இலவசம் அல்ல. கட்டுப்பாடான இடத்தில், தன் பணத்தில், பிறருக்குத் துன்பம் இல்லாமல் நடப்பதைக் குறை கூறிப் பயன் இல்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. பந்தயத் தளத்தில் வேகம் பழகியவன், அந்தப் பழக்கத்தைச் சாலைக்கும் கொண்டுவர மாட்டானா?

சிலர் கொண்டுவருவார்கள். இதை மறைக்கக் கூடாது. ஆனால் நல்ல ஆசானிடம் கற்றவன் வேறொன்றையும் கற்கிறான். கார் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைத் தன் காலால் உணர்கிறான். டயர் எப்போது கைவிடும் என்பதைத் தன் உடம்பால் உணர்கிறான். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் உணர்கிறான். அந்த அறிவு வந்தவனுக்குச் சாலையில் பயம் வரும். வர வேண்டும்.

ஆகவே காரை மாற்றச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஆசானுக்குக் கொடுக்க வேண்டும். இருபது குதிரைச் சக்தியை விட, பக்கத்தில் உட்கார்ந்து "இங்கே பிரேக் போடு" என்று சொல்லும் ஒருவரின் குரல் அதிகப் பலன் தரும்.

தமிழ்நாட்டுக்கும் பாடம் உண்டு

தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளத்தில், பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தளமும் அப்படி யுத்த காலத்து விமானத் தளம்தான். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோ மீட்டர் நீளத்தில் தனித் தளம் 1990-ல் வந்தது. கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில், கரிவரதன் பெயரில் ஒரு தளம் இருக்கிறது.

இப்படி இடம் இருந்தும், இரவு நேரத்தில் பொதுச் சாலையில் பந்தயம் விடும் வாலிபர்கள் இருக்கிறார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவது குற்றம். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. காரைத் தொடுவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாலிபர்களை "வேகமாகப் போகாதே" என்று அதட்டினால் மட்டும் போதாது. எங்கே போகலாம் என்று காட்ட வேண்டும். தளங்களை நடத்துகிறவர்கள், சாதாரணக் காரும் மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கிறவர்கள் குறைந்த கட்டணத்தில் வந்து, ஆசான் துணையோடு ஓட்டும் நாட்களை அதிகமாக்க வேண்டும். அதற்கு அரசாங்கமும் ஊக்கம் தர வேண்டும். சாலையில் ஒரு உயிர் மிச்சமானாலும் அந்தச் செலவு வீண் அல்ல.

வேகம் குற்றம் அல்ல. இடம் தவறிய வேகம்தான் குற்றம்.

காரை மாற்றப் போகிற வாலிபர் ஸ்பானரைக் கையில் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். "இந்தக் கார் நிற்குமா?"

நிற்கும் என்று தைரியமாகச் சொல்ல முடிந்த பிறகு ஓட்டட்டும். மாலையில் வாசலில் அந்தக் காரின் சத்தம் கேட்டால், அடுப்படியில் இருக்கிற தாய் நிம்மதியாக மூச்சு விடுவாள்.